துண்டுக்குக் காரணம் இல்லை

அருள்முருகன் கையில் அகப்பட்ட எந்தக் கதையும் முழுசாக வீடு திரும்பியதில்லை. முத்தியால்பேட்டையில் நாலு வரி எழுதத் தெரிந்தவர்கள் எல்லாரும் இதை ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொள்வதைத் தவிர அவர்களுக்கும் வேறு வழியில்லை. அரசாங்க அலுவலகம் ஒன்றில் அவனுக்கு யு.டி.சி. குமாஸ்தா வேலை. அங்கே அவன் சொல்லி ஒரு மின்விசிறிகூட நின்றது கிடையாது. மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும், பழைய மில் தொழிலாளர் சங்கத்தின் மாடி அறையில், பத்துப் பன்னிரண்டு பேர் அவன் வாய் திறப்பதற்காகக் காத்திருப்பார்கள். அந்த ஒரு சாயங்காலத்தை வைத்துத்தான் அவன் மாதத்தின் மற்ற நாட்களை ஓட்டினான்.

அந்த அறையில் நடப்பது 'கரையோர வாசகர் வட்டம்'. ஆரம்பித்தவர் சாமிக்கண்ணு. மில்லில் தறி ஓட்டி, சங்கத்தில் கொடி பிடித்து, மில்லும் சங்கமும் கைவிட்ட பிறகு புத்தகத்தைப் பிடித்துக்கொண்டவர். எல்லாரையும் தோழர் என்றுதான் கூப்பிடுவார். வட்டம் அதுவரைக்கும் இரண்டு புத்தகம் போட்டிருந்தது, இரண்டும் உழைப்பாளர் கவிதைகள். விற்றது போக மீதியைச் சாமிக்கண்ணு வீட்டுப் பரணில் கரையான் வாசித்துக்கொண்டிருந்தது. அதனால்தான் சுனாமிக்கு அடுத்த வருஷம், செல்போன் கடையில் வேலை பார்க்கும் பிரேம்குமார் எழுந்து, "பேய்க்கதை போடலாம் தோழர், அதுதான் விக்கும்" என்றபோது யாராலும் உடனே மறுக்க முடியவில்லை.

மறுக்க முடியவில்லையே தவிர, சண்டை நடந்தது. பகுத்தறிவுப் பாசறையில் வளர்ந்தவர்கள் பேயை அச்சடிக்கலாமா? இரண்டு மாதம் இழுத்து, கடைசியில் அருள்முருகன்தான் வழி சொன்னான். பேய் கிடையாது, ஆனால் பயம் உண்டு, நாம் போடுவது பயத்தைப் பற்றிய புத்தகம் என்றான். எல்லாருக்கும் மூச்சு வந்தது. ஒவ்வொரு கதையும் வாசித்து முடித்தவுடன், "பயந்தவங்க கை தூக்கலாம்" என்று சாமிக்கண்ணு கேட்பது என்றும் முடிவானது. பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சுமா? ஒரு கைகூட எழும்பியதில்லை. எழும்பினால், தூக்கியவன் வீட்டு வாசலில் பூசணிக்காய் கட்டியிருக்கிறதா என்று மறுநாளே போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். இப்படி, பயப்படவே மாட்டோம் என்று சத்தியம் செய்தவர்கள் கூடி உட்கார்ந்து பயமுறுத்தும் கதைகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வட்டத்துக்கென்று பழைய விதி ஒன்று இருந்தது. கதையை எழுதியவர் யார் என்பது சாமிக்கண்ணு ஒருவருக்குத்தான் தெரியும். வேறொருவர் வாசிப்பார். எழுதியவர் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து அத்தனை பேர் பேசுவதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். வாதாடக் கூடாது, விளக்கக் கூடாது, முகத்தில்கூடக் காட்டிக்கொள்ளக் கூடாது. புத்தகம் வெளிவரும் அன்றைக்குத்தான் பேர் தெரியும். முகதாட்சண்யம் பார்த்துப் பேசிவிடுவார்களே என்று சாமிக்கண்ணு கொண்டுவந்தது அது. நல்ல எண்ணம்தான்.

அமுதவல்லி, அருள்முருகனின் மனைவி, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, மடியில் டீ பிளாஸ்கோடு வருவாள். லாஸ்பேட்டையில் தனியார் பள்ளி ஒன்றில் அவளுக்கு அலுவலக வேலை. யாராவது மரியாதைக்கு அவள் அபிப்பிராயத்தைக் கேட்டால், "நல்லா இருந்துது" என்பாள். எல்லாக் கதைக்கும் அதே பதில்தான். உண்மையில் அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் சேர்ந்து படித்ததைவிட அவள் அதிகம் பேய்க்கதை படித்திருந்தாள். பாவாடை சட்டை போட்ட வயதில் வாடகை நூலகத்தில் தொடங்கியது அந்தப் பழக்கம். கொலுசுச் சத்தத்திலும் மல்லிகை வாசத்திலும் பயம் இல்லை, இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிற சாதாரணப் பொருளில்தான் பயம் இருக்கிறது என்பது அவள் கண்டது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை.

ஐப்பசியில் அவளும் ஒரு கதை எழுதினாள். எழுத்தாளர் ஆக வேண்டும் என்ற ஆசையில் அல்ல.

கவிநிலாவுக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. பேர் வைப்பதற்குள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டது. அமுதவல்லியைக் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே விடவில்லை. அவள் படுத்த இடத்திலிருந்து கடைசியாகப் பார்த்தது பிள்ளையின் முகத்தைக்கூட அல்ல. நீலக் கரை போட்ட மில் துண்டில் முழுசாகச் சுற்றி, அருள்முருகன் தோளில் தூக்கிக்கொண்டு வார்டு வாசலைத் தாண்டினான். தீபாவளிக்குத் தீபாவளி அவன் அப்பாவுக்கு மில்லில் கொடுக்கும் துண்டு அது. அத்தோடு சரி. பால் மணம் மாறாத பிள்ளையை எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். காரியம் இல்லை, கருமாதி இல்லை, வருஷத் திதியும் இல்லை. "பேச்சே எடுக்காத, எடுத்தா அடுத்தது தங்காது" என்று மாமியார் சொன்னாள். பெரியவர்கள் ஒன்று சொன்னால் அதில் காரணம் இருக்கும் என்று அவளும் அழுகையை முழுங்கிக்கொண்டாள். அடுத்தது தங்கியது. கவிநிலா இப்போது ஏழாம் வகுப்பு. ஆனால் எடுக்காத பேச்சு எடுக்காமலேயே நின்றுபோனது.

இத்தனை வருஷத்தில் அருள்முருகன் அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேச்செடுக்க வாயைத் திறந்தபோதெல்லாம், "பழசக் கெளறாத" என்று எழுந்து போனான். மனசுக்குள் பூட்டி வைத்திருக்கிறானா, அல்லது சுத்தமாக மறந்தே போனானா? பூட்டி வைத்திருந்தால் அவனை மன்னித்துவிடலாம் என்று அவள் நினைத்தாள். மறந்திருந்தால், அந்தப் பிள்ளைக்கு இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான் மிச்சம். இதில் எது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். மனுஷர் பேசினால் அவன் காது கொடுக்க மாட்டான். கதை என்றால் வரி வரியாகக் கேட்பான். அதனால் அவன் காது கொடுக்கும் இடத்தில் கொண்டுபோய் வைப்போம் என்று எழுதினாள்.

கையெழுத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவான் என்பதால், பள்ளி விட்ட பிறகு அலுவலகக் கம்ப்யூட்டரிலேயே அடித்து, சாமிக்கண்ணுவிடம் வீட்டிலேயே போய்க் கொடுத்தாள். அவர் நின்றவாக்கிலேயே படித்தார். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். அவள் மாமனாரோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர் அவர். அந்த வீட்டுச் சங்கதி அவருக்குத் தெரியும்.

"அருளுக்குத் தெரியுமா, அமுதா?"

"தெரியாதுங்கய்யா. நீங்களும் சொல்லிடாதீங்க."

"இதுக்கு வேற யாரையாவது பேசச் சொல்லட்டா? அவன் வாய் சும்மா இருக்காதும்மா."

"வேணாங்கய்யா. அவருதான் பேசணும்," என்றாள் அமுதவல்லி.

கார்த்திகை மாதக் கூட்டம். வெளியே மழை பிடிப்பதும் விடுவதுமாக இருந்தது. கதையின் பேர் 'ஈரத் துண்டு'. பிரேம்குமார்தான் வாசித்தான். கைப்பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு வீடு. மூன்றாம் நாள் விளக்கு வைக்கும் நேரத்தில், பின்பக்கக் கொடியில், பிள்ளையைச் சுற்றிப் புதைத்த துண்டு தொங்குகிறது. ஈரமாக இருக்கிறது. அந்த வீட்டுப் பெண் அதை எடுத்துக் காயவைத்து மடித்து வைக்கிறாள். காலையில் காணோம். சாயங்காலம் மறுபடியும் கொடியில், மறுபடியும் ஈரமாக. உதறினால் மடிப்பிலிருந்து மண் கொட்டுகிறது. நாளாக ஆக, கொடியின் தாழ்ந்த பக்கமாகவே பார்த்து யாரோ போடுகிறார்கள். அந்தப் பக்கம் வரைக்கும்தான் கை எட்டுகிறது போல. புருஷன்காரன் அதே கொடியில், அந்தத் துண்டின் பக்கத்திலேயே, தன் சட்டையைக் காயப் போடுகிறான். அவன் கண்ணில் படவே இல்லை. கடைசியில் ஒரு நாள் குளித்துவிட்டு, "துண்டு எடுத்தா" என்று குரல் கொடுக்கிறான். அவள் அந்தத் துண்டை எடுத்து நீட்டுகிறாள். அவன் முகம் துடைக்கிறான். கதை அங்கே முடிகிறது.

பிரேம்குமார் கடைசிப் பக்கம் வரும்போது குரலைத் தணித்துவிட்டான். வேண்டுமென்று செய்ததில்லை, அதுவாகத் தணிந்தது. அமுதவல்லி வாசிப்பவனைப் பார்க்கவில்லை, புருஷனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். துண்டு முதன்முதலாக வந்த வரியில் அவன் குறிப்பெடுப்பதை நிறுத்தித் தலையை நிமிர்த்தினான். பிறகு நீலக் கரை என்று வந்தபோது, பக்கத்திலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் குடித்தான். ஞாபகம் வந்துவிட்டது, இப்போது எழுந்து வெளியே போய்விடுவான், போனால் பின்னாலேயே போய்க் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அவள் செருப்பைக்கூடக் காலில் மாட்டிக்கொண்டாள்.

"பயந்தவங்க கை தூக்கலாம்," என்றார் சாமிக்கண்ணு.

பிரேம்குமாரின் கை பாதி தூரம் எழும்பியது. எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இல்ல தோழர், முதுகு அரிச்சுது," என்று சொல்லி அப்படியே முதுகைச் சொறிந்தான். சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அருள்முருகன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"இத எழுதுனது யாருன்னு தெரியல. யாரா இருந்தாலும் மன்னிக்கணும்," என்று தொடங்கினான். அவன் மன்னிப்பில் தொடங்கினால் வெட்டு ஆழமாக விழும் என்பது எல்லாருக்கும் தெரியும். "பேய்னா அதுக்கு ஒரு கணக்கு வேணும் தோழர். பழி வாங்க வரும். இல்லன்னா ஆசை தீராம வரும். கொழந்த பால் கேட்டு வந்திச்சின்னா ஒத்துக்குவேன். அம்மா மடி கேட்டு வந்திச்சின்னா ஒத்துக்குவேன். கண்ணுகூட சரியா தெறக்காத கொழந்த, லாண்டரிக்காரன் மாதிரி தெனமும் சாயங்காலம் துண்டக் கொண்டாந்து டெலிவரி பண்ணிட்டுப் போவுதாம்!"

அறை முழுக்கச் சிரித்தது. பன்னிரண்டு பேர் சிரிக்கும்போது ஒருத்தி மட்டும் சிரிக்காமல் இருந்தால் எழுதியது யார் என்று அங்கேயே வெளிச்சமாகிவிடும். விதி விதிதான். அமுதவல்லியும் சிரித்தாள். தன் பிள்ளையைப் பார்த்துத் தானே பல்லைக் காட்டிச் சிரித்தாள்.

சாமிக்கண்ணு சிரிக்கவில்லை. "தோழர், அது மில் துண்டு. நம்ம ஆளுங்க வூட்ல அதுக்கு இருந்த மதிப்பே வேற," என்றார்.

"தெரியும் தோழர். எங்க அப்பாவும்தான் பொட்டியில அடுக்கி அடுக்கி வெச்சிருந்தாரு. அதுக்காவ? கதையில அதுக்கு வேலை இன்னா? துண்டுக்குக் காரணம் இல்ல. காரணம் இல்லாத பொருள் கதையில இருக்கக் கூடாது. சரி, அத வுடுங்க. கடைசியில மொகத்தத் தொடச்சான். அப்புறம்? செத்தானா, பைத்தியம் புடிச்சிதா? எழுதுனவருக்கு முடிக்கத் தெரியல. அந்தப் புருஷன்காரன் மனுஷனே இல்ல, மரப்பாச்சி. பெத்தவன் எவனாவது அப்டி இருப்பானா?" அவன் தாள்களை மேசையில் தட்டி அடுக்கினான். "செத்த கொழந்தைய வெச்சி அழ வெக்கிறது சுலபம் தோழர். இது கதை இல்ல. ஒப்பாரி."

அந்தப் பிள்ளைக்கு யாரும் ஒப்பாரி வைக்கவில்லை. வாய்விட்டு அழக்கூட விடவில்லை. ஆகவே அவன் சொன்னது சரிதான் என்று அமுதவல்லி நினைத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் கழித்து ஒப்பாரி வைத்திருக்கிறேன், அதற்கும் மார்க் போடுகிறான். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவன்மேல் வந்ததைவிட, செருப்பை மாட்டிக்கொண்டு அவன் பின்னால் ஓடத் தயாராக இருந்த தன்மேல் அதிகம் வந்தது.

கதை தொகுப்பில் சேரவில்லை. எடுக்கலாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. சாமிக்கண்ணு மட்டும் தாள்களை வாங்கி, மழைக்குப் பத்திரமாக, தன் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

வரும் வழியில் அருள்முருகனுக்கு நல்ல குஷி. கருவடிக்குப்பம் வழியாகத்தான் வர வேண்டும். சுடுகாட்டைத் தாண்டும்போது வண்டியைக்கூட மெதுவாக்கவில்லை, லாண்டரிக்காரன் உவமையைத் திரும்பவும் சொல்லிச் சிரித்துக்கொண்டான். அரசாங்கக் குவார்ட்டர்ஸ் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்தான். கவிநிலா டியூஷனிலிருந்து இன்னும் வரவில்லை.

"எப்டி இருந்துது இன்னிக்கிக் கதை?" என்று கேட்டான். அவன் வழக்கமாகக் கேட்பதுதான், அவள் பதிலும் அவனுக்குத் தெரிந்ததுதான்.

"நான்தான் எழுதுனேன்," என்றாள் அமுதவல்லி.

அவன் முதலில் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டபிறகு நிமிர்ந்து உட்கார்ந்தான். முகத்தில் அசடு வழிந்தது. "நீயா? இன்னா அமுதா, முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் பாத்துப் பேசியிருப்பேன் இல்ல?" என்றான். பிறகு சட்டென்று பெருந்தன்மை வந்துவிட்டது. "நடை நல்லாதான் இருக்குது. சத்தியமா. அந்தக் கொடி தாழ்ந்த பக்கமா போடுதுன்னு எழுதியிருக்க பாரு, அது நல்ல எடம். துண்ட மட்டும் தூக்கிட்டு வேற எதாவது வெச்சிடலாம். கிலுகிலுப்பை வெச்சிக்கலாம். தாளக் குடு, நானே திருத்தித் தரேன். அடுத்த மாசம் வாசிக்கச் சொல்லலாம்." எழுந்து போய், மாட்டியிருந்த சட்டையின் பையில் பேனாவைத் தேடினான்.

எழுதியது யார் என்று தெரிந்த பிறகும் அவனுக்கு உறைக்கவில்லை.

"என்னங்க," என்றாள். "அது யாரு கொழந்தன்னு உங்களுக்குத் தெரியலியா?"

பேனாவைத் தேடிய கை பையிலேயே நின்றது. பிறகு மெதுவாகக் கட்டிலின் ஓரத்தில் போய் உட்கார்ந்தான்.

"மறந்துட்டேன்னு நெனச்சியா?" என்றான். இதுவரைக்கும் அவள் கேட்டிராத குரல் அது. "ஆட்டோலதான் எடுத்துக்கினு போனேன். நானும் எங்க மாமாவும். மடியில வெச்சிக்கினு இருந்தேன். வழியெல்லாம் அது தூங்குதுன்னே நெனச்சிக்கினு போனேன். கருவடிக்குப்பத்துல அந்தக் கோடியில, வேப்பமரத்தாண்ட. வெட்டியான் குழி தோண்டுறான், தோண்டத் தோண்டத் தண்ணி ஊறுது. மழ. நான்தான் எறங்கி வெச்சேன். மாமா எறங்க மாட்டேன்னுட்டாரு. அந்தப் பக்கமா போவும்போதெல்லாம் வண்டிய வேகமா வுட்டுடுவேன். நீ கேட்டா நான் இன்னா சொல்லுவேன்? தண்ணியில வெச்சிட்டு வந்தேன்னு சொல்லுவனா?"

மறக்கவில்லை. அமுதவல்லியின் கண் நிறைந்துவிட்டது. எத்தனை வருஷ வயிற்றெரிச்சல் அது, ஒரே நிமிஷத்தில் இறங்கியது. அவன் சிரித்ததையும் சிரிக்க வைத்ததையும்கூட அந்த நிமிஷத்தில் அவள் மன்னித்தாள். கட்டிலில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் அவனுக்குத் தன் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டியிருந்தது.

"ஆனா கதையில அந்தத் துண்டுதான் என்னை ஏமாத்திட்டுது," என்றான். "நீலக் கரைன்னு வந்தப்ப மனசு ஒரு மாதிரி ஆச்சி. அப்புறம், இது வேற வூடு, வேற கொழந்தன்னு வுட்டுட்டேன். நம்மளுதுல துண்ட அங்க வுட்டுட்டு வரலியே."

"இன்னாது?"

"துண்ட நான் எடுத்தாந்துட்டேனே."

அவள் பிடியைத் தளர்த்தவில்லை. சொன்னது காதில் விழுந்தது, இன்னும் உள்ளே இறங்கவில்லை.

"எங்க அப்பா ஆசுபத்திரியிலயே சொன்னாரு," என்றான் அவன். "புதுத் துண்டுடா, பொட்டியிலேந்து இப்பதான் எடுத்தது, பாத்து எடுத்தாந்துடுன்னு. அவரு கொணம்தான் உனக்குத் தெரியுமே. வரும்போது கொழாயில அலசி, பின்னாடி கொடியில போட்டுட்டுப் படுத்துட்டேன்."

"அப்ப அது எதுல சுத்தியிருந்துது?"

அவன் கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவினான்.

"எதுலங்க சுத்தி வெச்சீங்க?"

"வேப்பெல ஒடச்சிப் போட்டோம்," என்றான். "துண்டு இல்லாம வூட்டுக்குப் போனா அவரு கேப்பாரேன்னு பயமா இருந்துது அமுதா."

அப்போது அவனுக்கு இருபத்தெட்டு வயது. அரசாங்க உத்தியோகம் கிடைத்துவிட்டது. ஆனாலும் ஒரு துண்டுக்காக அப்பனுக்குப் பயந்து, பெற்ற பிள்ளையை வெறும் உடம்பாகத் தண்ணீர் ஊறுகிற குழியில் வைத்துவிட்டு வந்திருக்கிறான். இவ்வளவு காலம் அமுதவல்லிக்கு ஒரே ஒரு ஆறுதல்தான் இருந்தது. போகும்போது பிள்ளை துண்டுக்குள் கதகதப்பாக இருந்தது, அது குளிரில் கிடக்கவில்லை என்று மழை பெய்யும் ராத்திரிகளில் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அதையும் இவன் கொடியில் காயப் போட்டுவிட்டான்.

"அந்தத் துண்டு எங்க?" என்றாள்.

"எதுன்னு சொல்றது? எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்துது. அதோட அதா கலந்துட்டுது."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது கொடி நிறைய மில் துண்டு தொங்கியது அவளுக்கு ஞாபகம் இருந்தது. அவற்றில் முகம் துடைத்திருக்கிறாள். கவிநிலா பிறந்தபோது, நன்றாகத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்ததாகப் பார்த்து எடுத்து, மாமியார்தான் பிள்ளையைச் சுற்றிக் கொடுத்தாள். அது எந்தத் துண்டு என்று இனி யாரைக் கேட்பது? மாமனாரும் இல்லை, மாமியாரும் இல்லை.

அருள்முருகனுக்குத் தெரிந்த பேச்சு ஒன்றுதான். "அதான் சொல்றேன், நீ நெனச்சி எழுதுனது நடக்கவே இல்ல," என்றான், அவளைத் தேற்றுவதற்காகத்தான். "கதையோட அடிப்படையே தப்பாயிடுது, பாரு."

அவள் அவன் முழங்கையை விட்டாள். அவன் மறந்திருந்தாலே நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

கதவு படாரென்று திறந்தது. கவிநிலா தொப்பலாக நனைந்து, புத்தகப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தாள். "அம்மா, துண்டு எடுத்தா, குளுருது!"

அருள்முருகன் எழுந்தான். எழுந்திருக்க ஒரு சாக்குக் கிடைத்ததே என்று எழுந்தவன், கொடியில் கிடந்த துண்டுக்குக் கையை நீட்டினான்.

"தொடாதீங்க!" என்று கத்தினாள் அமுதவல்லி.

கடையில் வாங்கிய துண்டுதான் அது. பூப்போட்டது. மில் துண்டெல்லாம் கிழிந்து கரித்துணியாகி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் அவன் கை நீண்டதைப் பார்க்க முடியவில்லை. மகளை இழுத்துத் தன்னோடு அணைத்து, முந்தானையை உருவி அவள் தலையில் போட்டாள்.

"இன்னாம்மா, வூட்ல துண்டு இல்லியா?" என்றாள் கவிநிலா, புடவைக்குள்ளிருந்து.

"ஏன் இல்லாம? எல்லாம் இருக்குது," என்றாள் அமுதவல்லி. "உங்கப்பா துண்ட எங்கயாச்சும் வுட்டுட்டு வர்ற ஆளா?"

சொல்லிவிட்டு, அவன் பக்கம் திரும்பாமலேயே, மகளின் தலையை அழுத்தித் துவட்டினாள்.